இருதய மாத்திரையைத் திடீரென நிறுத்தலாமா?



"உடம்பு நல்லாத்தானே இருக்கு, இன்னும் எதுக்கு இந்த மாத்திரை?" இந்தக் கேள்வி எழாத வீடு நம்மிடையே குறைவு. இரத்த அழுத்தம் இறங்கிவிட்டது, நெஞ்சுவலி வருவதில்லை, படபடப்பும் அடங்கிவிட்டது. உடனே மாத்திரைப் பொட்டலம் அலமாரியின் மூலைக்குப் போய்விடுகிறது. சிலர் தைப்பூச விரதத்தின்போது நிறுத்துகிறார்கள். சிலர் ஊருக்குப் போன இடத்தில் கையிருப்பு தீர்ந்து நிறுத்துகிறார்கள். வேறு சிலர் யாரோ சொன்ன கஷாயத்தை நம்பி நிறுத்துகிறார்கள்.

எந்த மாத்திரையையும் டாக்டரைக் கேட்காமல் நிறுத்துவது தவறுதான். ஆனால், 'பீட்டா பிளாக்கர்' என்னும் வகையைச் சேர்ந்த மாத்திரைகளை அப்படி நிறுத்தினால் அது உயிருக்கே உலை வைத்துவிடலாம்.

உங்கள் மாத்திரை இந்த வகையா?

பொட்டலத்தில் உள்ள பெயரைப் படித்துப் பாருங்கள். அட்டினோலோல், மெட்டோப்ரோலோல், பிசோப்ரோலோல், ப்ரொப்ரனோலோல், கார்வெடிலோல் என்று 'லோல்' என முடிந்தால் பெரும்பாலும் அது இந்த வகைதான். நிறத்தை வைத்து முடிவு செய்யாதீர்கள். ஒரே மருந்தைப் பல நிறுவனங்கள் பல நிறத்தில் செய்கின்றன. சந்தேகம் இருந்தால் பொட்டலத்தோடு மருந்தாளரிடம் கேளுங்கள்.

இரத்த அழுத்தம், நெஞ்சுவலி, மாரடைப்புக்குப் பிந்திய பாதுகாப்பு, இருதயப் பலவீனம், தாறுமாறான துடிப்பு ஆகியவற்றுக்கு இதைக் கொடுக்கிறார்கள். ஒற்றைத் தலைவலிக்கும், கை நடுக்கத்துக்கும், தைராய்டு மிகைக்கும்கூட கொடுப்பதுண்டு. ஆகவே, "எனக்கு இருதய நோய் இல்லையே" என்று இருந்துவிட வேண்டாம்.

இது எப்படி வேலை செய்கிறது?

பயம், கோபம், ஓட்டம் என்றால் உடம்பில் அட்ரினலின் என்னும் சுரப்புநீர் பெருகுகிறது. அது இருதயத்தில் உள்ள சில 'கதவுகளை'த் தட்டி, வேகமாக அடிக்கச் சொல்கிறது. பீட்டா பிளாக்கர் அந்தக் கதவுகளை அடைத்துவிடுகிறது. இருதயம் நிதானமாக அடிக்கிறது. அதன் பளு குறைகிறது.

ஸ்காட்லாந்தைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளாக் என்பவரின் ஆராய்ச்சியால் 1960-களில் ப்ரொப்ரனோலோல் புழக்கத்துக்கு வந்தது. 1988-இல் அவருக்குக் கிடைத்த நோபல் பரிசுக்கு இந்தக் கண்டுபிடிப்பும் ஒரு காரணம்.

திடீரென நிறுத்தினால் என்ன ஆகும்?

கதவுகள் பல மாதம் அடைபட்டுக் கிடந்தால் உடம்பு சும்மா இருப்பதில்லை. புதிய கதவுகளை உண்டாக்கிக்கொள்கிறது. ஒரு நாள் நீங்கள் மாத்திரையை விட்டதும், பழைய கதவும் புதிய கதவும் சேர்ந்து திறந்துகொள்கின்றன. அட்ரினலின் முன்னைவிட வலுவாகத் தாக்குகிறது. சில நாள்களுக்குள் படபடப்பு, உயர் இரத்த அழுத்தம், நெஞ்சுவலி வரலாம். இருதய நாளம் அடைபட்டவர்களுக்கு மாரடைப்பே வரலாம். அமெரிக்காவில் அட்டினோலோல் போன்ற சிலவற்றின் விளக்கத்தாளில் இந்த எச்சரிக்கையைக் கட்டம் கட்டியே அச்சிடுகிறார்கள்.

நிறுத்தவே கூடாது என்பதல்ல. நிறுத்த வேண்டுமானால் டாக்டர் ஒன்று இரண்டு வாரங்களில் அளவைப் படிப்படியாகக் குறைப்பார். அந்த நாள்களில் கடின வேலையையும் குறைத்துக்கொள்ள வேண்டும்.

ஒரு வேளை மறந்துவிட்டால், நினைவு வந்ததும் சாப்பிடுங்கள். அடுத்த வேளை நெருங்கிவிட்டால் விட்டதை விட்டுவிடுங்கள். இரண்டையும் சேர்த்து விழுங்காதீர்கள்.

இனிப்பு நீர் உள்ளவர்களுக்கு

2008-இல் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் வடகொரியத் துப்பாக்கிச் சுடும் வீரர் ஒருவரின் பதக்கங்கள் பறிக்கப்பட்டன. கை நடுங்காமலிருக்க உதவும் ப்ரொப்ரனோலோல் அவர் உடம்பில் இருந்தது தெரியவந்ததே காரணம்.

இதே குணம்தான் நீரிழிவுக்காரர்களுக்கு ஆபத்தாகிறது. இரத்தத்தில் சர்க்கரை அளவுக்கு மீறி இறங்கும்போது கை நடுங்கும், நெஞ்சு படபடக்கும். அது உடம்பு அடிக்கும் அபாய மணி. இந்த மருந்து அந்த மணியின் ஓசையை அடக்கிவிடும். ஆனால் வியர்வை மட்டும் பெரும்பாலும் மறைவதில்லை. இன்சுலின் போடுபவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் காரணமில்லாமல் வியர்த்தாலோ, பேச்சு தடுமாறினாலோ உடனே சர்க்கரையைச் சோதிக்க வேண்டும். குறைந்திருந்தால் மூன்று நான்கு தேக்கரண்டி சீனியை நீரில் கலக்கிக் குடிக்கலாம். நினைவிழந்தவர் வாயில் எதையும் ஊற்றக் கூடாது.

இழுப்பு உள்ளவர்களுக்கு

மூச்சுக்குழாயைத் திறந்து வைப்பதும் இதே மாதிரிக் கதவுகள்தாம். அவை அடைபட்டால் ஆஸ்துமா கடுமையாகலாம். சிறு வயதில் இழுப்பு இருந்து நின்றுபோயிருந்தாலும் டாக்டரிடம் சொல்லுங்கள். கண் அழுத்தத்துக்கு ஊற்றும் டிமோலோல் சொட்டு மருந்தும் இந்த வகைதான். கண்ணில் விட்ட சொட்டு இரத்தத்தில் கலந்து மூச்சையும் பாதிக்கலாம்.

குளவி கொட்டினால்

தோட்டத்து வாசகர்கள் இதைக் கவனிக்க வேண்டும். குளவியோ தேனீயோ கொட்டி, உடம்பெல்லாம் தடித்து மூச்சு முட்டினால், டாக்டர்கள் அட்ரினலின் ஊசிதான் போடுவார்கள். இந்த மாத்திரை சாப்பிடுபவருக்கு அந்த ஊசி சரிவர வேலை செய்யாமல் போகலாம். வேறு மருந்தும் தேவைப்படலாம். ஆகவே மருத்துவமனையில் முதல் வார்த்தையாக மாத்திரையின் பெயரைச் சொல்லிவிடுங்கள். பல் பிடுங்கும்போதும் அறுவை சிகிச்சைக்கு முன்பும் இப்படியே சொல்ல வேண்டும்.

நாடி பார்க்கப் பழகுங்கள்

ஐந்து நிமிடம் அமைதியாக உட்காருங்கள். மணிக்கட்டில் பெருவிரல் பக்கமாக, மற்றக் கையின் இரண்டு விரல்களை வைத்து ஒரு நிமிடம் எண்ணுங்கள். பெருவிரலால் பார்க்காதீர்கள், அதன் துடிப்பே குழப்பிவிடும். எண்ணிக்கை 50-க்குக் கீழே போனால், அடுத்த மாத்திரைக்கு முன் டாக்டரைக் கேளுங்கள். மயக்கம், மூச்சுத் திணறல், கால் வீக்கம் இருந்தால் தாமதிக்கவே கூடாது. நெஞ்சுவலி என்றால் மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

மேலும் சில குறிப்புகள்

• படுக்கையிலிருந்து சட்டென எழாதீர்கள். சற்று உட்கார்ந்து எழுந்தால் தலைசுற்றாது.

• கள்ளும் மதுவும் மயக்கத்தைக் கூட்டும்.

• சளி மாத்திரை, மூட்டுவலி மாத்திரை ஆகியவற்றில் சில இரத்த அழுத்தத்தை ஏற்றிவிடும். கடையில் கேட்டு வாங்குங்கள்.

• சோர்வு, கை கால் சில்லிடுதல், கெட்ட கனவு, தாம்பத்தியக் குறை வரலாம். வெட்கப்பட்டுக்கொண்டு மாத்திரையை விட்டுவிடாமல் டாக்டரிடம் சொன்னால் மாற்று மருந்து உண்டு.

• கருவுற்றிருந்தாலும், கருவுறத் திட்டமிட்டாலும் முன்கூட்டியே சொல்லுங்கள்.

• மெல்லக் கரையும் வகை மாத்திரையை நசுக்கவோ மெல்லவோ கூடாது.

• பிள்ளைகள் கைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். அளவு மீறினால் உயிராபத்து.

• பயணம் போகும்போது, போகும் நாள்களுக்கு மேல் ஒரு வார மாத்திரையைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

• விரதம் இருப்பதானால், மருந்து வேளையை எப்படி அமைப்பது என்று முன்னதாகவே டாக்டரைக் கேளுங்கள். ஒரு வாய்த் தண்ணீரோடு மாத்திரை போட்டுக்கொள்வதால் விரதத்துக்குப் பங்கம் வந்துவிடாது.

வாசகர்களே, இன்றிரவே ஒரு வேலை செய்யுங்கள். வீட்டுப் பெரியவர்களின் மாத்திரைப் பொட்டலங்களை எடுத்துப் பெயர்களைப் பாருங்கள். 'லோல்' என்று முடியும் மாத்திரை இருந்தால், அதன் பெயரையும் அளவையும் ஒரு சிறு அட்டையில் எழுதி, அடையாளக் கார்டோடு சேர்த்து வைத்துவிடுங்கள். மாத்திரை எத்தனை நாளைக்கு மிச்சம் இருக்கிறது என்றும் எண்ணுங்கள். ஒரு வாரத்துக்குக் குறைவாக இருந்தால், நாளைக்கே கிளினிக்குக்குப் போய் வாருங்கள்.