சவுக்காரம் காய்ச்ச முதலில் இடம் பாருங்கள்

என் தம்பிக்கு ஐம்பது வயது தாண்டிவிட்டது. இடது முழங்காலுக்குக் கீழே உள்ளங்கை அகலத்துக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கேட்பவர்களிடம் ரம்புத்தான் மரத்திலிருந்து விழுந்தேன் என்று சொல்லிச் சிரிப்பான். உண்மையில் அது சவுக்காரம் காய்ச்சியதால் வந்த காயம்.

அப்போது நாங்கள் சிலாங்கூரில் ஒரு தோட்டத்தில் இருந்தோம். 1979-ஆம் ஆண்டு. சின்னம்மா யாரிடமோ துணிச் சவுக்காரம் காய்ச்சக் கற்றுக்கொண்டு வந்திருந்தார். முதல் தடவை அலுமினியச் சட்டியில் காஸ்டிக் சோடாவைக் கரைத்தார். அது நுரைத்துப் பொங்கியது. சட்டி கறுத்து, அரித்து, பிறகு எதற்கும் உதவாமல் போயிற்று. இரண்டாம் தடவை எல்லாம் சரியாக வந்தது. ஆனால் காரத் தண்ணீர் கொஞ்சம் மிஞ்சியது. காசு போட்டு வாங்கியதைக் கொட்ட மனம் வரவில்லை. ஆரஞ்சுத் தண்ணீர் வாங்கிய கண்ணாடிப் பாட்டிலில் ஊற்றி, அடுப்புப் பலகைக்குக் கீழே வைத்துவிட்டார்.

பள்ளி விட்டு வந்த தம்பி தாகத்தில் அந்தப் பாட்டிலை எடுத்தான். சின்னம்மா போட்ட சத்தத்தில் அவன் கை நடுங்கி, பாட்டில் கீழே விழுந்து உடைந்தது. வாய்க்குள் போக இருந்தது காலோடு போயிற்று. தோட்டத்து டிரெசர் அவனைக் குழாயடியில் உட்கார வைத்து, அவன் கதறக் கதற அரை மணி நேரம் தண்ணீரை ஓடவிட்டார். மருந்து எதுவும் முதலில் போடவில்லை. அவர் செய்ததுதான் சரி என்று பல வருஷம் கழித்துத்தான் எனக்குத் தெரிந்தது.

இப்போது மறுபடியும் பல தாமான்களில் பெண்கள் கூடிச் சவுக்காரம் செய்கிறார்கள். பொரித்த எண்ணெயைச் சாக்கடையில் ஊற்றாமல் துணிச் சவுக்காரமாக்குவது நல்ல காரியம். நானும் செய்கிறேன், யாரையும் பயமுறுத்த இதை எழுதவில்லை. ஆனால் எண்ணெய் எவ்வளவு, வாசனைக்கு எது, வண்ணத்துக்கு எது என்று சொல்லிக் கொடுப்பவர்கள், இதை வீட்டில் எந்த மூலையில் வைத்துச் செய்வது என்று சொல்லிக் கொடுப்பதில்லை. எண்ணெய் வாங்கும் முன்னே முடிவு செய்ய வேண்டியது அதுதான்.

காரமும் எண்ணெயும் சேர்ந்தால் இரண்டும் மாறிப்போய்ச் சவுக்காரமும் கிளிசரினும் ஆகின்றன. சரியாக நிறுத்துச் செய்து, நன்றாக ஆறவிட்ட கட்டியில் தனிக் காரம் மிஞ்சாது. ஆகவே அபாயம் கட்டியில் இல்லை. காரத்தைக் கரைக்கும் நேரத்திலும், அதை எண்ணெயோடு கலக்கும் நேரத்திலும், மிச்சத்தை வைக்கும் இடத்திலும்தான் இருக்கிறது.

லயத்து வீடானாலும் தாமான் வீடானாலும், பின்பக்கம் கூரை இறக்கிய இடம் இருந்தால் அதைவிட நல்ல இடம் இல்லை. காற்று வரும், மழை படாது. மத்தியான மழைக்கு முன், காலையில் பிள்ளைகள் பள்ளிக்குப் போன பிறகு வைத்துக்கொள்ளுங்கள். கைக்குழந்தை இருந்தால் பார்த்துக்கொள்ள வேறு ஒருவர் வேண்டும். இடுப்பில் பிள்ளையை வைத்துக்கொண்டு செய்கிற வேலை இல்லை இது. நாயையும் கோழியையும் அந்தப் பக்கம் வரவிடக்கூடாது. சிங்கப்பூர் அடுக்குமாடி வீட்டில் சமையலறைதான் வழி என்றால், உணவுப் பொருளை எல்லாம் அப்புறப்படுத்தி, ஜன்னலைத் திறந்து, அறைக்கதவைச் சாத்திக்கொண்டு செய்யலாம். வெளி நடைபாதை மட்டும் வேண்டாம். அது அக்கம் பக்கத்துப் பிள்ளைகள் ஓடும் இடம்.

நம் பெண்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மாவு பிசைந்தாலும் மீன் கழுவினாலும் தரையில் குந்திக்கொள்வோம். சவுக்காரத்துக்கு அது ஆகவே ஆகாது. குந்தினால் முகம் பாத்திரத்துக்கு நேர் மேலே வரும். தெறித்தால் எழுந்து விலகவும் முடியாது. இடுப்பு உயரத்துக்கு ஆடாத மேசை ஒன்று போடுங்கள். அதன்மேல் கறுப்புப் பிளாஸ்டிக் தாள் விரியுங்கள். காரம் வெள்ளைச் செதிலாக இருக்கும். வெள்ளைத் துணியில் சிந்தினால் கண்ணுக்குத் தெரியாது. கறுப்பில் ஒரு துணுக்கு விழுந்தாலும் தெரியும். நிறுக்கும்போது மின்விசிறியை நிறுத்திவிடுங்கள்.

மேசைக்கு எட்டிய தூரத்தில் தண்ணீர்க் குழாய் இருக்க வேண்டும். குழாயை மட்டும் நம்பவும் வேண்டாம். தண்ணீர் வெட்டு என்பது கிள்ளான் பள்ளத்தாக்கில் இருப்பவர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இரண்டு வாளி நிறையப் பிடித்து வைத்துக்கொண்டு பிறகு காரத்து டப்பாவைத் திறங்கள்.

உடை விஷயத்தில் தோட்டத்து மக்களுக்குச் செலவில்லை. பால் மரம் வெட்டப் போட்ட பழைய ரப்பர் பூட்ஸ் போதும். சிலிப்பர் கூடாது. முழுக்கைச் சட்டை, முழங்கைவரை வரும் ரப்பர் கையுறை, பக்கவாட்டிலும் மூடிய கண்ணாடிக் கவசம் வேண்டும். படிக்கப் போடும் மூக்குக் கண்ணாடி கவசமாகாது. முந்தானையையும் துப்பட்டாவையும் இழுத்துச் செருகுங்கள். நுனி பாத்திரத்தில் விழுந்து எழுவது நமக்கே தெரியாது.

பாத்திரம் எவர்சில்வர், அல்லது சூடு தாங்கும் கனமான பிளாஸ்டிக். அலுமினியம் கூடவே கூடாது. காரம் அலுமினியத்தைத் தின்னும்போது ஹைட்ரஜன் வாயு கிளம்புகிறது, அது தீப்பற்றும். சின்னம்மா அன்று விறகடுப்புக்குப் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தார் என்பதை நினைத்தால் இப்போதும் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. கண்ணாடிச் சாடி சூட்டில் வெடிக்கலாம். எதை எடுத்தாலும் அது சவுக்காரத்துக்கென்றே இருக்கட்டும். குழம்புக்குத் திரும்ப வரக்கூடாது.

கரைக்கும்போது தண்ணீரை முதலில் ஊற்றி, அதில் காரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவிக் கிளற வேண்டும். காரத்தின்மேல் தண்ணீர் ஊற்றினால் கொதித்துச் சீறும். பால் ஸ்டோரில் வேலை செய்த பெரியவர்களுக்குத் திராவகத்தைத் தண்ணீரில்தான் ஊற்ற வேண்டும் என்ற பாடம் நினைவிருக்கும், இதுவும் அப்படித்தான். அடுப்பே இல்லாமல் தண்ணீர் 80 பாகை செல்சியஸுக்கு மேல் சூடேறும். முதல் சில நிமிஷம் எழும் ஆவி தொண்டையை அரிக்கும். காற்று உங்கள் முதுகுப் பக்கமிருந்து வரும்படி நில்லுங்கள், குனிந்து பார்க்காதீர்கள்.

அளவைக் கரண்டிக் கணக்கில் போடாதீர்கள். ஒரு கிராம் காட்டும் தராசு வேண்டும். 100 கிராம் தேங்காய் எண்ணெய்க்கு ஏறக்குறைய 18 கிராம் காரம். செம்பனை எண்ணெய்க்கு 14 கிராம்தான். நான் செய்வது 500 கிராம் செம்பனை எண்ணெய், 250 கிராம் தேங்காய் எண்ணெய், 110 கிராம் காஸ்டிக் சோடா, 230 கிராம் தண்ணீர். காரம் கணக்குக்கு நூற்றுக்கு ஐந்து பங்கு குறைவாக இருப்பதால், கொஞ்சம் எண்ணெய் மிஞ்சும், காரம் மிஞ்சாது. சிங்க் அடைப்பு நீக்கும் தூளை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். சிலவற்றில் அலுமினியத் துணுக்கு கலந்திருக்கும்.

இரண்டும் 40 பாகை அளவுக்கு ஆறிய பிறகு காரத் தண்ணீரை எண்ணெயில் மெதுவாக ஊற்றுங்கள். மின்கலக்கி வைத்திருப்பவர்கள் அதை ஓடும்போதே வெளியே தூக்கக்கூடாது. என் சமையலறைச் சுவரில் இன்னும் அந்தப் புள்ளிகள் இருக்கின்றன. நல்ல வேளை, கண்ணாடிக் கவசம் போட்டிருந்தேன்.

தோலில் பட்டுவிட்டால் புளிக்காடி தேடி ஓட வேண்டாம். காரத்துக்குப் புளிப்பு மாற்று என்று பலர் சொல்லுவார்கள். தேடும் நேரத்தில் புண் ஆழமாகும், இரண்டும் சேர்ந்தால் இன்னும் சூடேறும். நனைந்த துணியைக் கழற்றிவிட்டு, ஓடும் தண்ணீரில் குறைந்தது 20 நிமிஷம் கழுவுங்கள். கண்ணில் பட்டால் இமையைத் திறந்து பிடித்து அதே மாதிரி கழுவி, உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். விழுங்கிவிட்டால் வாந்தி எடுக்க வைக்காதீர்கள். போகும்போது புண்ணாக்கியது திரும்பி வரும்போதும் புண்ணாக்கும். வாயைக் கொப்புளிக்கச் செய்து, மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995 அழையுங்கள்.

அச்சில் ஊற்றிய பிறகு வேலை முடிந்தது என்று கையுறையைக் கழற்றிவிடுவது பலர் செய்யும் தவறு. சட்டியில் ஒட்டியிருக்கும் கூழ் இன்னும் காரம்தான். அதை எட்டாத இடத்தில் ஒரு நாள் வைத்துவிட்டால் தானே சவுக்காரமாகிவிடும். மறுநாள் கழுவுவது சுலபம். கட்டியை வெட்டும்போதும் கையுறை வேண்டும். வெட்டியதைக் காற்றோட்டமான தட்டில் நாலு முதல் ஆறு வாரம் காயவிடுங்கள்.

கரைத்த காரத் தண்ணீரை ஒரு சொட்டுகூடச் சேர்த்து வைக்காதீர்கள். வேண்டியதை மட்டும் நிறுத்துக் கரையுங்கள். மிஞ்சிய செதில் வாங்கிய டப்பாவிலேயே இருக்கட்டும். மெல்லிய பையில் வந்தால் இறுக மூடும் கனமான பிளாஸ்டிக் டப்பாவுக்கு மாற்றுங்கள். நம் ஊர் ஈரக்காற்றை உறிஞ்சி அது கசிந்துவிடும். டப்பாவின்மேல் தமிழிலும் மலாயிலும் எழுதி ஒட்டுங்கள். பிள்ளைகளுக்குப் படிக்கத் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. பூட்டு இருக்கிற அலமாரியில் வைத்துச் சாவியை வேறு இடத்தில் மாட்டுங்கள். என் வீட்டில் அந்தச் சாவி இருக்கும் இடம் எனக்கும் தம்பிக்கும்தான் தெரியும்.