சுட்ட பழமும் வாட்டிய பழமும்

நாவல் மரத்தின்மேல் அமர்ந்திருந்த ஆயச் சிறுவன், மரத்தடியில் களைத்து நின்ற ஔவைப் பிராட்டியை நோக்கிச் சுட்ட பழம் வேண்டுமா, சுடாத பழம் வேண்டுமா என வினவிய கதையைத் தமிழ் பயிலும் சிறாரும் அறிவர். பழத்தில் சுட்டதும் உண்டோ என வியந்த பிராட்டி, சுட்ட பழமே வேண்டினார். சிறுவன் கிளையை உலுக்கினான். கனிந்த பழங்கள் மணலில் வீழ்ந்தன. ஒட்டிய மணலைப் போக்கப் பிராட்டி வாயால் ஊதியபோது, "பாட்டி, பழம் சுடுகிறதா?" எனச் சிறுவன் கேட்டான். வந்தவன் முருகன் எனப் பிராட்டி உணர்ந்தார் என்பது கதை.

இக்கதை பெரும்பாலும் செருக்கடக்கும் நீதியாகவே வகுப்பில் சொல்லப்படுகிறது. அதனுள் ஓர் இலக்கண நுட்பமும் ஓர் அடுக்களை நுட்பமும் அடங்கியுள்ளன. பழத்தைத் தீயில் இடும் வழக்கம் உண்மையில் உண்டா, உண்டெனின் அதற்குரிய சொல் சுடுதலா, வாட்டுதலா, வதக்குதலா என்னும் வினாக்கள் மொழியாசிரியர்க்கும் சமைப்போர்க்கும் ஒருங்கே பயன் தருவன.

சொல்லின் இயல்பு

'சுட்ட' என்பது பெயரெச்சம். வினைமுதல், கருவி, இடம், தொழில், காலம், செயப்படுபொருள் என்னும் ஆறனுள் எதனையும் அது கொண்டு முடியலாம். சுட்ட பாட்டி, சுட்ட கம்பி, சுட்ட அடுப்பு, சுட்ட வகை, சுட்ட நாள், சுட்ட பழம் என ஆறும் வழக்கில் பொருந்துகின்றன. இவற்றுள் 'சுட்ட பழம்' என்பதைக் கேட்டவுடன் பிராட்டி பழத்தைச் செயப்படுபொருளாகக் கொண்டார். யாரோ தீயில் இட்டுச் சுட்ட பழம் என எண்ணினார். சிறுவனோ, 'பழம் சுடுகிறதா' எனப் பழத்தை எழுவாயாக்கிவிட்டான்.

இவ்வாறு மாற்ற இடந்தருவது 'சுடு' என்னும் வினையின் தனியியல்பு. அடுக்களை வினைகளுள் பல, தன்வினைக்கு ஒரு வடிவும் பிறவினைக்கு ஒரு வடிவும் உடையன. இலை வாடும், இலையை வாட்டுவர். வெங்காயம் வதங்கும், அதனை வதக்குவர். நெய் உருகும், நெய்யை உருக்குவர். மயிர் பொசுங்கும், அதனைப் பொசுக்குவர். வேறு சில வினைகளில் பகுதி மாறாமல் இடைநிலையே வேறுபாட்டைக் காட்டும். கிழங்கு அவிந்தது, கிழங்கை அவித்தாள் என்பதும், நெல் பொரிந்தது, நெல்லைப் பொரித்தாள் என்பதும் அத்தகையன. 'சுடு' மட்டும் இரண்டிடத்தும் ஒரே வடிவில் நிற்கிறது. தண்ணீர் சுட்டது, அவள் அப்பம் சுட்டாள். சிறுவனின் சிலேடை இந்த ஒரு வாயிலில்தான் நுழைகிறது. 'வாட்டிய பழம் வேண்டுமா, வாட்டாத பழம் வேண்டுமா' எனக் கேட்டிருப்பின் கதையே இல்லை.

தீயும் சொல்லும்

ஆங்கிலத்தில் 'கிரில்' எனப்படும் முறை, தணலின்மேல் கம்பிவலை இட்டு உணவை நேரே வெப்பத்திற்குக் காட்டுவது. இதற்குத் தமிழில் சொல் இல்லை எனக் கருதுவோர் உளர். உண்மையில் தமிழில் உள்ள சொற்கள் ஒன்றுக்கு மேற்பட்டவை. ஒவ்வொன்றும் தீ உணவைத் தொடும் வகையைக் குறிக்கிறது.

நீரில் அல்லது நீராவியில் பக்குவமாக்குவது அவித்தல். உலர்ந்த சட்டியில் புரட்டுவது வறுத்தல். மிகுந்த எண்ணெயில் இடுவது பொரித்தல். சிறிது எண்ணெயில் ஈரம் குறையக் கிளறுவது வதக்குதல். தீயிலோ தணலிலோ நேரே இட்டு உள்வரை வேகச் செய்வது சுடுதல். தீயின் அண்மையில் காட்டி மேற்பரப்பின் ஈரத்தைக் குறைத்து நெகிழச் செய்வது வாட்டுதல். கட்டுச்சோற்றுக்கு வாழையிலையை வாட்டுவரேயன்றிச் சுடுவதில்லை. தோசை சுடுதல், வடை சுடுதல் என வழக்கில் சுடுதல் கல்லுக்கும் எண்ணெய்க்கும் பரவியிருப்பினும், அதன் முதற்பொருள் தீயோடு ஒட்டியதே. இரும்புக் கம்பியில் கோத்துச் சுட்ட ஊனைப் பொருநராற்றுப்படை குறிப்பிடுவது இப்பொருளின் தொன்மைக்குச் சான்று.

ஆகவே, தோலோடு தணலில் புதைத்த பழம் சுட்ட பழம். அரிந்து தணலின்மேல் காட்டிய பழம் வாட்டிய பழம். இவ்வேறுபாடு வெறும் சொல் வேறுபாடன்று, செய்முறை வேறுபாடு.

உண்மையாகவே சுட்ட பழம்

ஔவை கதையில் நாவற்பழம் தீயைக் காணவில்லை. தமிழர் உண்மையாகவே தீயிலிட்டுச் சுட்டுண்ணும் பழம் பனம்பழம். ஆடி, ஆவணித் திங்கள்களில் மரத்திலிருந்து தானே வீழும் பழத்தைத் தென்பாண்டி நாட்டிலும் யாழ்ப்பாணத்திலும் முழுமையாகத் தீயில் இடுவர். மேல்தோல் கருகியபின் அதனை உரித்து, நாரோடு ஒட்டிய களியைச் சுவைப்பர். பனங்களியில் இனிப்போடு சிறு கசப்பும் உண்டு. யாழ்ப்பாணத்தார் அக்களியை வெயிலில் உலர்த்திப் பனாட்டு ஆக்குவதும், மாவும் சர்க்கரையும் கூட்டிப் பனங்காய்ப் பணியாரமாகப் பொரிப்பதும் உண்டு. ஒரே பழம் சுடுதல், உலர்த்தல், பொரித்தல் என்னும் மூன்று வினைகளையும் ஏற்பதைக் காணலாம்.

தமிழகத்திலிருந்து மலாயாவின் தேயிலைத் தோட்டங்களுக்குச் சென்றவர்கள் இச்சொற்களையும் உடன் கொண்டு சென்றனர். ஆனால் அங்கே மலையுச்சியில் பனை வளர்வதில்லை. பழம் கடல் கடக்கவில்லை, சொல் கடந்தது. அச்சொல் அங்கே எப்பழத்தைச் சார்ந்து வாழும் என்பதே வினா.

குறிஞ்சி நிலத்துக் கூதிர்

பகாங் மாநிலத்தின் கேமரன் மலை, 1885ஆம் ஆண்டு நிலம் அளக்க வந்த வில்லியம் கேமரனின் பெயரால் வழங்குவது. 1929இல் இங்கே போ தேயிலைத் தோட்டம் தொடங்கப்பட்டது. தானா ராத்தா, பிரிஞ்சாங் ஆகிய ஊர்களுக்கு வடக்கே, கம்போங் ராஜாவுக்குச் செல்லும் சாலையில் திரிங்காப் உள்ளது. தேயிலையும் காய்கறித் தோட்டங்களும் சூழ்ந்த பகுதி இது.

மேனாட்டுச் சமையல் நூல்கள் சூடான பழ இனிப்பை 'இலையுதிர் கால' உணவு என்கின்றன. இத்தொடரை அப்படியே பெயர்த்தால் திரிங்காப்பில் பொருந்தாது. அங்கே காடு ஒருசேர இலையுதிர்ப்பதில்லை. தேயிலை ஆண்டு முழுதும் தளிர்க்கும். ஆயினும் அக்டோபர், நவம்பரில் மழை மிகும், பனிமூட்டம் இறங்கும், இரவு குளிரும். ஐப்பசி, கார்த்திகையைக் கூதிர் என்றும், மலையும் மலைசார்ந்த இடமும் ஆகிய குறிஞ்சிக்குக் கூதிரும் முன்பனியும் பெரும்பொழுது என்றும் தமிழ் இலக்கணம் வகுத்தது. கேமரன் மலையின் ஐப்பசிக்கு இதனினும் பொருத்தமான பெயர் வேறில்லை. 'கூதிர்க்காலச் சூட்டுப்பழம்' என்றால் காலமும் இடமும் பொருளும் ஒருங்கே விளங்கும். சுடு என்பது சூடு எனத் திரிவது முதனிலை திரிந்த தொழிற்பெயர் என்பதை மாணவர்க்கு நினைவூட்டவும் இத்தொடர் உதவும்.

மலையில் தீயிற் சுடுவதற்கு இயற்கையும் ஒரு காரணம் தருகிறது. தானா ராத்தா ஏறத்தாழ 1,440 மீட்டர் உயரத்தில் உள்ளது. உயரம் கூடக் காற்றழுத்தம் குறையும். அவ்வுயரத்தில் நீர் 100 பாகையில் அன்றி ஏறத்தாழ 95 பாகை செல்சியசிலேயே கொதித்துவிடும். எனவே திறந்த பானையில் அவிப்பதற்கு நேரம் கூடுதலாகிறது. தணலின் வெப்பத்திற்கு இத்தடை இல்லை. தேயிலைத் தோட்டங்களில் கவாத்து வெட்டியபின் எஞ்சும் குச்சிகள் அடுப்பெரிக்கப் பயன்பட்டு வந்தவை. இலங்கை மலையகத்தார் அவற்றை மிலாறு என்பர்.

தீ பழத்துக்குச் செய்வது

வாழைக்காயின் சதையில் ஏறத்தாழ 20 விழுக்காடு மாப்பொருள் உண்டு. நன்கு கனிந்தபின் அது ஓரிரு விழுக்காடாகக் குறைந்து, பெரும்பகுதி சர்க்கரையாகிவிடும். கனிந்த பழத்தைத் தோலோடு தணலில் இட்டால் தோல் கருகி வெடிக்கும். சதை தன் நீரிலேயே வேகும். வெளியே சுடுதல், உள்ளே அவிதல் என இரு வினை ஒருசேர நிகழ்கின்றன. மலாய்க்காரர் இதனைப் பீசாங் பாக்கார் என்பர்.

அன்னாசிக்கு வழி வேறு. தோலும் கண்ணும் நீக்கி, விரற்கனத்தில் வட்டமாக அரிந்து, கம்பிவலையில் வைத்து வாட்ட வேண்டும். முதலில் மேற்பரப்பின் நீர் ஆவியாகிறது. நீர் உள்ளவரை வெப்பம் கொதிநிலையைத் தாண்டாது. ஈரம் வற்றிய பின்னரே பழச்சர்க்கரை சிவந்து முறுகத் தொடங்கும். பிரக்டோசு ஏறத்தாழ 110 பாகையிலும், கரும்புச் சர்க்கரை 160 பாகைக்கு மேலும் இந்நிலையை அடைகின்றன. அவித்த பழம் சிவக்காமைக்கும் வாட்டிய பழம் மணப்பதற்கும் காரணம் இதுவே. பச்சை அன்னாசி நாவை உறுத்துவதற்குப் புரதத்தைச் சிதைக்கும் புரோமெலைன் ஒரு காரணம். வெப்பத்தில் அது செயலிழப்பதால் வாட்டிய அன்னாசி நாவுக்கு இதமாகிறது.

இரண்டுக்கும் கொழுந்துவிட்டு எரியும் தீ ஆகாது. நீறு பூத்த நெருப்பே ஏற்றது. பக்கத்திற்கு மூன்று, நான்கு நிமிடம் போதும். சர்க்கரையை முன்பே தடவினால் பழம் முறுகுமுன் அது கருகும். இறக்கியபின் கருப்பட்டிப் பாகோ தென்னஞ்சர்க்கரையாகிய குலா மலாக்காப் பாகோ ஊற்றி, ஓர் உப்புக்கல் பொடித்துத் தூவினால் இனிப்பு மேலும் விளங்கும். கேமரன் மலையில் பெயர்பெற்ற ஸ்ட்ராபெரியோ மெல்லியது, நீர் மிகுந்தது. சுடுதல் அதற்கு ஆகாது. சட்டியில் ஒரு நிமிடம் நெய்யில் வதக்கினால் போதும்.

வகுப்பறைக்கு

மலாய்மொழி பாக்கார், கோரேங், ரெபுஸ், குக்குஸ் எனத் தீவினைகளைப் பகுத்து வைத்திருக்கிறது. தமிழும் அவ்வாறே பகுத்துள்ளது. ஆனால் பேச்சில் 'பாக்கார் பண்ணு', 'கிரில் பண்ணு' எனப் 'பண்ணு' என்னும் துணைவினை எல்லாவற்றையும் விழுங்குமாயின், இழப்பது சில சொற்களை மட்டுமன்று. வாடுவதற்கும் வாட்டுவதற்கும் இடையே உள்ள தன்வினை, பிறவினை உணர்வும் உடன் தேயும். 'பண்ணு' என்பதில் எல்லா முறையும் ஒன்றாகும்; எந்தத் தீ, எவ்வளவு நேரம் என்பதைச் சொல் இனிச் சொல்லாது.

இதற்குத் தனிப்பாடம் வேண்டியதில்லை. வீட்டில் ஒரு நாள் எவ்வெவற்றை அவித்தனர், வறுத்தனர், வதக்கினர், சுட்டனர், வாட்டினர் என மாணவர் எழுதிவரட்டும். ஒவ்வொரு வினைக்கும் தன்வினை வடிவைப் பக்கத்தில் குறிக்கட்டும். 'சுடு' என்பதற்கு வரும்போது இரு பத்தியிலும் ஒரே சொல் நிற்பதைத் தாமே காண்பர். அதன்பின் ஔவையின் கதையைச் சொன்னால், சிறுவனின் கேள்விக்கு அவர்கள் விளக்கமின்றியே சிரிப்பர்.