ஜீப் சஃபாரி போறீங்களா? அட்வான்ஸ் அனுப்பும் முன் நம்பர் போர்டைப் பாருங்க!

‘மச்சி, ஆயுத பூஜைக்கு லீவு சேர்ந்து வருது. ஜீப் சஃபாரி போலாமா?’

கல்லாவி, ஊத்தங்கரைப் பக்கத்திலிருந்து ஓசூர் சிப்காட்டுக்கும் பெங்களூரு எலெக்ட்ரானிக் சிட்டிக்கும் வேலைக்குப் போன இளைஞர்களின் வாட்ஸ்அப் குழுக்களில், செப்டம்பர் பிறந்தாலே இந்தப் பேச்சு ஆரம்பித்துவிடும். அடுத்த பத்து நிமிடத்தில் ரீல்ஸ் வந்து குவியும். ஒன்றில் மேகத்துக்கு மேலே ஜீப் நிற்கிறது. இன்னொன்றில் புலி ஒன்று சாவகாசமாகப் பாதையைக் கடக்கிறது. மூன்றாவதில் மஹிந்திரா தார் ஒன்று சேற்றை வாரி இறைத்தபடி மேடேறுகிறது. எல்லாவற்றுக்கும் கீழே ஒரு போன் நம்பர். ‘அட்வான்ஸ் ஜிபே பண்ணுங்க’ என்ற வரி.

மூன்றுமே ‘ஜீப் சஃபாரி’ என்ற ஒரே பெயரில் விற்கப்படுகின்றன. ஆனால் மூன்றும் வெவ்வேறு. முதலாவது, மலைப்பாதையில் உள்ளூர் டிரைவர் ஓட்டும் வாடகை ஜீப். இரண்டாவது, வனத்துறை அனுமதியோடு காட்டுக்குள் போகும் வண்டி. மூன்றாவது, நீங்களே ஓட்டுவது. ஒவ்வொன்றுக்கும் சட்டம் வேறு, ஆபத்து வேறு, ஏதாவது நடந்துவிட்டால் பொறுப்பேற்க வேண்டியவரும் வேறு.

இது வெறும் பேச்சில்லை. 2025 ஜூலையில் மூணாறு அருகே போதமேட்டில் சுற்றுலா ஜீப் பள்ளத்தில் கவிழ்ந்து, தமிழ்நாட்டிலிருந்து சென்ற பயணி ஒருவர் உயிரிழந்தார். அதையடுத்து இடுக்கி மாவட்ட நிர்வாகம் மாவட்டம் முழுக்க ஜீப் சஃபாரிக்குத் தடை போட்டது. வண்டிகளைப் பரிசோதித்து, கட்டுப்பாடுகள் விதித்த பிறகே படிப்படியாக மீண்டும் அனுமதித்தது.

மஞ்சள் போர்டா, வெள்ளை போர்டா?

‘எத்தனை கிலோமீட்டர், எவ்வளவு ரூபாய்’ என்றுதான் எல்லோரும் முதலில் கேட்கிறார்கள். முதலில் கேட்க வேண்டியது வண்டியின் நம்பர்.

காசு வாங்கிக்கொண்டு ஆள் ஏற்றும் வண்டிக்கு மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 66-வது பிரிவின்படி பெர்மிட் வேண்டும். அந்த வண்டிக்கு மஞ்சள் போர்டு, கறுப்பு எழுத்து. நீங்களே ஓட்டுவதற்காக வாடகைக்கு விடும் வண்டிக்குக் கறுப்பு போர்டு, மஞ்சள் எழுத்து. வெள்ளை போர்டு வண்டி சொந்த உபயோகத்துக்கு மட்டும். ‘நம்ம பையன் வண்டிதாங்க, டீசல் காசு மட்டும் குடுங்க’ என்று ரிசார்ட்டில் ஏற்பாடு செய்து தருவது பெரும்பாலும் இந்த வெள்ளை போர்டுதான்.

நடக்காதவரை எல்லாம் சரி. விபத்து நடந்தால், ‘பெர்மிட் இல்லாமல் வாடகைக்கு ஓட்டினார்கள், அதனால் நாங்கள் பொறுப்பில்லை’ என்று இன்சூரன்ஸ் நிறுவனம் வாதாட அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. சில வழக்குகளில் ‘முதலில் பாதிக்கப்பட்டவருக்குக் கொடு, பிறகு வண்டி உரிமையாளரிடம் வசூலித்துக்கொள்’ என்று நீதிமன்றங்கள் உத்தரவிட்டிருக்கின்றன. ஆனால் அந்த உத்தரவு வரும்வரை ஆஸ்பத்திரி பில் காத்திருக்காது.

சரிபார்ப்பது ரொம்ப சுலபம். வண்டி நம்பரை வாங்கி எம்-பரிவாகன் செயலியில் போட்டால் ஃபிட்னஸ் எதுவரை, இன்சூரன்ஸ் எதுவரை என்று வந்துவிடும். வாடகை வண்டிக்கு முதல் எட்டு ஆண்டுகளுக்கு இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை, அதன்பிறகு ஆண்டுதோறும் ஃபிட்னஸ் சான்று புதுப்பிக்க வேண்டும். மலையில் ஓடும் ஜீப்புகளில் பல பழைய வண்டிகள் என்பதால் இந்தத் தேதி முக்கியம். நம்பரைக் கேட்டதும் ‘நேர்ல வாங்க சார், பாத்துக்கலாம்’ என்று நழுவினால், அடுத்த ஆளைப் பாருங்கள்.

கொழுக்குமலை: உடம்பு தாங்குமா?

குலுங்கலும் குளிரும் சூரிய உதயமும்தான் வேண்டும் என்றால் கொழுக்குமலைக்கு ஈடு கிடையாது. அந்தத் தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில், சுமார் 7,900 அடி உயரத்தில். ஆனால் வண்டிப் பாதை இருப்பதோ கேரளத்தின் சூரியநெல்லியிலிருந்து மட்டும். கல்லாவியிலிருந்து அரூர், சேலம், திண்டுக்கல், தேனி, போடிமெட்டு வழியாகப் போக வேண்டும். ஒரு பகல் முழுக்கப் பயணத்திலேயே போய்விடும். ரெண்டு நாள் லீவில் போய்விட்டு வந்து திங்கட்கிழமை ஷிஃப்டுக்கு நிற்பது நடக்கிற காரியமில்லை.

சூரியநெல்லியிலிருந்து விடியற்காலை நாலு மணி வாக்கில் ஜீப்புகள் கிளம்பும். கொஞ்ச தூரம் தார் ரோடு, அப்புறம் உருட்டுக் கல் பாதை. ஃபோர் வீல் டிரைவும் லோ கியரும் இருக்கும் வண்டியால்தான் அதில் ஏற முடியும். டிரைவர்கள் தினமும் ஏறி இறங்குகிறவர்கள். ‘நானே என் தாரை ஓட்டிட்டுப் போறேன்’ என்று அங்கே போய் நிற்பதில் பிரயோசனம் இல்லை.

யார் எந்த சீட்டில் உட்காருவது என்பதை யாரும் யோசிப்பதே இல்லை. பழைய ஜீப்புகளின் பின்பக்கத்தில் எதிரெதிரே பார்த்தபடி ரெண்டு பெஞ்ச் இருக்கும். பெல்ட் இருக்காது. குலுங்கும்போது தலை மேல்கம்பியில் இடிக்கும், இடுப்பு வாங்கிவிடும். கர்ப்பிணிகள், முதுகுவலி, டிஸ்க் பிரச்சினை உள்ளவர்கள், சமீபத்தில் அறுவை சிகிச்சை செய்துகொண்டவர்கள் இந்தப் பயணத்தையே தவிர்ப்பது நல்லது. குடும்பத்தோடு போனால் பெரியவர்களை முன்சீட்டில் உட்கார வைத்து, ஒரு ஜீப்பில் ஏற்றும் ஆளைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஆறு பேருக்கான வாடகையை நாலு பேர் பகிர்வது கொஞ்சம் கூடத்தான் வரும். அது வீண் செலவில்லை.

இன்னொன்று: மேலே போன பிறகு ‘கீழே குரங்கணி தெரியுது, நடந்தே இறங்கிடலாம்’ என்று யாராவது கிளப்பினால் மறுத்துவிடுங்கள். 2018 மார்ச் 11 அன்று கொழுக்குமலையிலிருந்து குரங்கணிக்கு இறங்கிக்கொண்டிருந்த மலையேற்றக் குழுவினர் காட்டுத் தீயில் சிக்கினார்கள். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். நம்மைப் போலவே வார இறுதிக்காகக் கிளம்பியவர்கள்தான். அதற்குப் பிறகுதான் தமிழ்நாடு அரசு மலையேற்றத்துக்கென்று தனி விதிகள் கொண்டுவந்தது. அனுமதி இல்லாமல் அந்தப் பாதையில் இறங்குவது குற்றமும்கூட.

தேனி தூரம் என்று நினைப்பவர்களுக்குக் குடகு இருக்கிறது. மடிகேரிக்கு அருகே உள்ள மாண்டல்பட்டிக்கும் இதே மாதிரி வாடகை ஜீப்தான். கன்னடத்தில் அந்த இடத்துக்கு ‘முகிலுபேட்டே’ என்றும் பெயர். நம் முகில்தான் அங்கேயும். ஜூன் முதல் செப்டம்பர் வரை பெயருக்கேற்ப முகிலைத் தவிர வேறெதுவும் தெரியாது, அட்டையும் கடிக்கும். மழை ஓய்ந்த பிறகு போவது உத்தமம். ஓசூரிலிருந்து பைக்கில் கிளம்புகிறவர்களுக்கு ஒரு நினைவூட்டல்: பெங்களூரு – மைசூரு விரைவுச்சாலையின் பிரதான பாதையில் 2023 ஆகஸ்ட் 1 முதல் டூவீலருக்கு அனுமதி இல்லை. சர்வீஸ் ரோட்டில்தான் போக வேண்டும்.

விலங்கு பார்க்கணும்னா?

அப்படியென்றால் ஜீப்பை மறந்துவிட்டு, யார் நடத்துகிறார்கள் என்று பாருங்கள். முதுமலையில் தெப்பக்காட்டிலிருந்து வனத்துறையே காலையும் மாலையும் வண்டி விடுகிறது. பல நேரம் அது வேனாகவோ பஸ்ஸாகவோதான் இருக்கும். ரீல்ஸுக்குக் கெத்தாக இருக்காது. ஆனால் புலிகள் காப்பகத்துக்குள் சட்டப்படி போகும் வண்டி அதுதான். கர்நாடகப் பக்கம் பந்திப்பூர், கபினியில் வனத்துறையோடு, அம்மாநில அரசு நிறுவனமான ஜங்கிள் லாட்ஜஸ் அண்ட் ரிசார்ட்ஸும் சஃபாரி நடத்துகிறது.

மசினகுடி, கூடலூர் பக்கம் ‘பிரைவேட் ஜீப் சஃபாரி, நைட் சஃபாரி, யானை கேரண்டி’ என்று அழைப்பவர்கள் கூட்டிப்போவது பெரும்பாலும் காப்பகத்துக்கு வெளியே உள்ள ரோட்டில்தான். அதற்கு அந்தக் காசு அதிகம். இருட்டில் லைட் அடித்து யானையைத் தேடுவது எந்த வகையிலும் அனுமதிக்கப்பட்ட சுற்றுலா கிடையாது. அங்கே சீகூர் யானை வழித்தடத்தை மறித்து நின்ற ரிசார்ட்டுகள் பற்றிய வழக்கில், வழித்தடத்தைக் காக்க வேண்டும் என்று 2020 அக்டோபரில் உச்ச நீதிமன்றமே தீர்ப்பளித்திருக்கிறது.

ஹோட்டலுக்குப் பணம் கட்டும் முன் சஃபாரி நடக்கிறதா என்று பாருங்கள். 2025 நவம்பரில் விவசாயிகள் அடுத்தடுத்து புலி தாக்கி இறந்ததால், பந்திப்பூரிலும் நாகரஹோலேயிலும் சஃபாரியைக் கர்நாடக வனத்துறை நிறுத்தியது. காட்டுத்தீ சமயத்தில் முதுமலையிலும் இப்படி மூடுவது உண்டு. நீலகிரிக்குள் நுழையும் வெளி வாகனங்களுக்கு 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் கட்டாயம்.

நாமே ஓட்டினால்?

வாடகைக்கு எடுக்கும் தாருக்குக் கறுப்பு போர்டு இருக்கிறதா என்று பாருங்கள். ஆழமான தண்ணீரில் இறக்கி இன்ஜினுக்குள் தண்ணீர் போய்விட்டால், இன்ஜின் பாதுகாப்புக்கான தனி ஆட்-ஆன் எடுக்காத சாதாரண பாலிசியில் க்ளெய்ம் கிடைப்பது கஷ்டம். 2023 டிசம்பரில் இமாசலத்தின் லாஹௌலில் டிராஃபிக்கைத் தவிர்க்கச் சந்திரா ஆற்றுக்குள்ளேயே எஸ்யூவி ஓட்டியவருக்குப் போலீஸ் அபராதம் போட்ட வீடியோவைப் பலர் பார்த்திருப்பீர்கள். ஓட்டிப் பழக ஆசை என்றால், தனியார் நிலத்தில் ஆஃப்-ரோடு டிராக் வைத்து, பயிற்சியாளரோடு சொல்லிக்கொடுக்கும் இடங்கள் பெங்களூரைச் சுற்றி இருக்கின்றன. அங்கே கவிழ்த்தாலும் தூக்கி நிறுத்த ஆள் உண்டு.

‘எதுக்கு அவ்ளோ தூரம், நம்ம அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை காடு பக்கத்துலயே இருக்கே’ என்று கேட்பவர்களும் உண்டு. ஓசூர் வனக்கோட்டத்தில் உள்ள காவிரி வடக்கு வன உயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது; பரப்பு 504 சதுர கிலோமீட்டர். மெயின் ரோட்டை விட்டு மண் பாதையில் அனுமதியில்லாமல் வண்டியைத் திருப்பினாலே வன உயிரினப் பாதுகாப்புச் சட்டம் 1972-ன்படி வழக்கு வரும். வழக்கைவிடப் பெரிய விஷயம் ஒன்றும் இருக்கிறது. ராகி முற்றும் பருவத்தில்தான் பன்னேர்கட்டா பக்கமிருந்து யானைக் கூட்டங்கள் தளி, ஜவளகிரி, தேன்கனிக்கோட்டைக் காடுகளுக்கு வருகின்றன. இரவில் வயலுக்கு வருவதும் விடியும்போது காட்டுக்குத் திரும்புவதும் அதே மண் பாதைகளில்தான். அந்த சீசன் தொடங்குவதும் ஏறக்குறைய ஆயுத பூஜை லீவு சமயத்தில்தான்.