இடது விலாவின் கீழ் நீடிக்கும் வலி

வடசென்னையின் காசிமேட்டிலும் திருவொற்றியூரிலும் எண்ணூரிலும் உடலுழைப்பால் ஜீவனம் செய்கிறவர்கள், இடது விலாவின் கீழ் வலி கண்டால் மூட்டை தூக்கிய பிடிப்பென்றோ வாயுவென்றோ சொல்லித் தைலம் தடவிக்கொண்டு மறுநாளும் வேலைக்குப் போவது வழக்கம்; பெரும்பாலும் அது அவ்வளவில் தீர்ந்தும் போகிறது. ஆனால் அந்த வலியோடு குளிர்காய்ச்சலும் சேர்ந்து, மருந்துக் கடை மாத்திரையால் ஒரு நாள் தணிந்து மறுநாள் ஏறி, இடது தோளிலும் வலி பரவி, வாரக்கணக்கில் நீடிக்குமானால், மண்ணீரலில் சீழ்க்கட்டி உண்டாயிருக்கலாம் என்ற சந்தேகம் எழவேண்டும். அபூர்வமான வியாதிதான், ஆயினும் கவனியாது விட்டால் பிராணாபத்து நேரும்.

மண்ணீரல் இரத்தத்தை வடிகட்டும் அவயவமாதலால், இருதய வால்வில் பற்றிய கிருமியோ, டைபாய்டோ, காசநோயோ இரத்த வழியே வந்து அதில் தங்கிச் சீழ் பிடிக்கச் செய்யும். அடிபட்டு உள்ளே உறைந்த இரத்தமும் அவ்வாறே சீழாகலாம். சர்க்கரை வியாதி உள்ளவருக்கு இந்த அபாயம் அதிகம்.

வடசென்னைக்கென்று விசேஷமாகச் சொல்ல வேண்டியது, இத்தகைய கட்டியை உண்டாக்கக்கூடிய மெலியாய்டோசிஸ் என்னும் நோயைப் பற்றி. ரங்கூனில் பணியாற்றிய விட்மோரும் கிருஷ்ணசாமியும் 1912-இல் உலகுக்கு அறிவித்த அந்நோயின் கிருமி, ஈர மண்ணிலும் தேங்கிய நீரிலும் வாழ்வது. காலிலுள்ள சிறு புண் வழியே உடம்பில் நுழைவது. மழைக்காலத்தில் மிகுந்து, சர்க்கரை வியாதியஸ்தரையே பெரிதும் நாடுவது. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளம் எண்ணெயோடு கலந்து எண்ணூர்க் குடியிருப்புகளில் நின்றபோது, அதில் வெறுங்காலோடு நடந்தவர்களை நினைத்தே இதை எழுதுகிறேன். காலில் புண்ணுள்ளவர் அத்தகைய நீரில் இறங்காதிருப்பதும், இறங்க நேர்ந்தால் பூட்ஸ் அணிவதும் நன்று.

நோயறிய முதலில் வேண்டியது வயிற்று ஸ்கேன். அதில் தெளியாவிடில் சி.டி. ஸ்கேன். அதனினும் முக்கியமாக, ஆன்டிபயாடிக் ஊசி ஒன்றுகூட ஏறுவதற்கு முன் இரத்தத்தைக் கல்ச்சர் பரிசோதனைக்கு எடுக்கச் சொல்லிக் கேளுங்கள். ஊசிக்குப் பின் எடுத்த இரத்தத்தில் கிருமி அகப்படாமலே போகலாம். மெலியாய்டோசிஸ் கிருமியை வேறொரு கிருமியென்று பரிசோதனைக்கூடம் தவறாக எழுதிவிடுவதும் உண்டு. ஆகையால் நோயாளிக்குச் சர்க்கரை இருப்பதையும் அவர் வெள்ளத்தில் நின்றதையும் மருத்துவரிடம் மறவாமல் சொல்லவேண்டும். டைபாய்டுக்கு வழக்கமாக இடும் ஊசி மெலியாய்டோசிஸுக்குப் போதாது. செஃப்டாசிடிம் அல்லது மெரோபெனம் குறைந்தது இரண்டு வாரம், உள்ளே கட்டியிருந்தால் அதற்கும் மேலாக, நரம்பு வழியே ஏற்றி, பிறகு கோ-டிரைமாக்சசோல் மாத்திரையை மூன்று மாதமாவது கொடுக்கவேண்டும். காய்ச்சல் நின்றதும் மாத்திரையை நிறுத்தினால் நோய் திரும்பும்.

ஒன்றிரண்டு கட்டிகளானால் ஸ்கேன் பார்த்து ஊசியாலோ குழாயாலோ சீழை வெளியேற்றலாம். பல கட்டிகளாயினும் உடைந்துவிட்டாலும் மண்ணீரலையே அகற்ற நேரும். அகற்றியவர் நிமோகாக்கஸ், மெனிஞ்சோகாக்கஸ், ஹிமோஃபிலஸ் தடுப்பூசிகளைப் போட்டுக்கொள்வதும், பிற்காலத்தில் எந்தக் காய்ச்சலுக்கும் அன்றைக்கே ஆஸ்பத்திரிக்கு ஓடுவதும் அவசியம்.

நம் மூத்தோர் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றழைத்த ஸ்டான்லி மருத்துவமனையில் வயிற்று அறுவைக்குத் தனித்துறையே இருக்கிறது. ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்கு உட்பட்ட குடும்பங்கள் முதலமைச்சர் காப்பீட்டு அட்டை பெறலாம். மாதம் 21,000 ரூபாய் வரை சம்பளமுள்ள தொழிலாளி, காண்ட்ராக்ட் ஆளாயினும், இ.எஸ்.ஐ. என்னும் தொழிலாளர் காப்பீட்டுக்குப் பாத்தியதையுள்ளவர்; காண்ட்ராக்டர் சந்தாப் பணம் கட்டவில்லையென்றால் அந்தப் பொறுப்பு முதன்மை நிர்வாகத்தைச் சாரும். சந்தா நிபந்தனை பூர்த்தியாகியிருந்தால், நோய்க்கால உதவியாகச் சம்பளத்தில் நூற்றுக்கு எழுபது வீதம் ஆண்டில் 91 நாள் வரை கிடைக்கும். அவசர நிலையில் உயிர் காக்கும் சிகிச்சையை எந்த ஆஸ்பத்திரியும் மறுக்கலாகாது என்பது 1989-இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பு. மருத்துவப் பதிவேடுகளைக் கேட்டால் 72 மணி நேரத்துக்குள் தரவேண்டும் என்பதும் விதி. கல்ச்சர் முடிவு பல சமயம் வீடு திரும்பிய பிறகே வருவதால், அந்தக் காகிதத்தையும் கேட்டு வாங்கி, அடுத்த மருத்துவரிடம் போகும்போது கையோடு கொண்டு செல்லுங்கள்.