எட்டுப் பேர் தொடங்கிய இயற்கைச் சங்கம்

பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கம் 1883 செப்டம்பர் 15 அன்று எட்டு நண்பர்களால் தொடங்கப்பட்டது. அவர்களில் மருத்துவர்கள் இருந்தார்கள். அந்துப்பூச்சி சேகரிப்பதில் தீராத ஆர்வம் கொண்ட ராணுவ அதிகாரி ஸ்வின்ஹோ இருந்தார். சுங்க, உப்புத் துறையில் பணிபுரிந்த ஐட்கன் முதல் செயலாளரானார். இந்தியர் இருவர்: பிரார்த்தனை சமாஜத்தை நிறுவியவர்களுள் ஒருவரான மருத்துவர் ஆத்மாராம் பாண்டுரங், மூலிகைகளை ஆராய்ந்த மருத்துவர் சகாராம் அர்ஜுன். மாதம் ஒருமுறை கூடுவது, கண்டதைச் சொல்வது, கிடைத்த மாதிரிகளைக் காட்டுவது. நோக்கம் அவ்வளவுதான்.

பம்பாயின் விக்டோரியா-ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் நடந்துவந்த கூட்டங்களுக்கு 1884-இல் புதிய இடம் கிடைத்தது. ஒயின் வணிகரான ஃபிப்சன், ஃபோர்ப்ஸ் தெருவில் இருந்த தன் அலுவலகத்தின் ஓர் அறையை ஒதுக்கிக் கொடுத்தார். பாடம் செய்த பறவைகளும் பாம்புகளும் அங்கே சேரத் தொடங்கின. 1886-இல் சங்கத்தின் ஆய்விதழ் வெளிவந்தது.

சங்கத்தை உண்மையில் வளர்த்தது இந்த இதழ்தான். வனத்துறை அதிகாரி, தோட்டத் துரை, ராணுவ மருத்துவர் என நாட்டின் மூலைமுடுக்குகளில் இருந்தவர்கள், எந்தப் பறவை எந்த மாதத்தில் கூடு கட்டியது, எந்தப் பாம்பு எதை விழுங்கியது என்று எழுதி அனுப்பினார்கள். ஒரு குறிப்பு தனியாகப் பார்த்தால் சிறிய செய்தி. ஆண்டுக்கணக்கில் சேர்ந்தபோது, எந்த உயிரினம் எங்கெங்கே வாழ்கிறது என்ற சித்திரம் அவற்றிலிருந்து உருவானது.

சங்கத்தின் சின்னத்தில் இருக்கும் மலை இருவாச்சி வெறும் ஓவியம் அல்ல. 1894-இல் கார்வாரிலிருந்து குஞ்சாக வந்து, 'வில்லியம்' என்று பெயர் பெற்று, ஃபிப்சனின் நாற்காலிக்குப் பின்னால் வாழ்ந்த பறவை அது. பழங்களோடு எலி, தேள், பச்சை இறைச்சியையும் விரும்பித் தின்றது. ஒருமுறை எரியும் சுருட்டையே விழுங்கியும் அதற்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் 1920-இல் இறந்தது; ஒரு துண்டுக் கம்பியை விழுங்கியதுதான் காரணம் என்று சொல்லப்படுகிறது. காட்டில் பெரும்பாலும் உயர்ந்த மரக்கிளைகளில் காணக்கூடிய பறவையை, இருபத்தாறு ஆண்டுகள் கைக்கெட்டும் தூரத்தில் கவனிக்கும் வாய்ப்பு உறுப்பினர்களுக்கு இப்படி வாய்த்தது.

1911-இல் சங்கம் பாலூட்டிகள் கணக்கெடுப்பைத் தொடங்கியது. சம்பளத்துக்கு அமர்த்தப்பட்ட சேகரிப்பாளர்கள் காடு காடாகச் சென்றார்கள். செலவுக்குப் பணம் திரட்டியது சங்கம். வேலையின் உயிர் சீட்டில் இருந்தது. ஓர் எலியைப் பிடித்தால் முதலில் உடல், வால், பின்னங்கால், காது ஆகியவற்றை அளக்க வேண்டும். பிறகு தோலை உரித்துப் பஞ்சு திணித்து, காலில் சீட்டைக் கட்ட வேண்டும். பிடித்த இடம், நாள், ஆணா பெண்ணா, பிடித்தவர் பெயர் எல்லாம் அதில் இருக்கும். சீட்டு தொலைந்தால் அந்த மாதிரி அறிவியலுக்குப் பெரும்பாலும் பயன்படாது. 1923 வரை நடந்த இந்தப் பணியில் ஏறக்குறைய 50,000 மாதிரிகள் சேர்ந்தன. அவற்றில் பெரும்பகுதி லண்டனுக்குப் போய்விட்டது என்பது வருத்தம்தான்.

இந்தக் கணக்கெடுப்புக்கு முன்பே, 1908-இல், தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டுக்குருவியை அடையாளம் காண ஒரு சிறுவன் சங்கத்துக்கு வந்தான். செயலாளர் மில்லார்ட் அதன் இனத்தைச் சொன்னதோடு நிற்கவில்லை. அலமாரி இழுப்பறைகளைத் திறந்து பறவைத் தோல்களைக் காட்டினார், புத்தகங்கள் கொடுத்தார். அந்தச் சிறுவன்தான் சாலிம் அலி. இந்தியப் பறவைகளைப் பற்றிய அவருடைய புகழ்பெற்ற கையேடு 1941-இல் வெளியானது.

1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர் காட்டுப் பகுதியில் புதிய காய்ச்சல் ஒன்று கண்டறியப்பட்டது. அதைப் பரப்பும் உண்ணிகளை வலசைப் பறவைகள் சுமந்து வருகின்றனவா என்ற கேள்வி எழுந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஆதரவுடன் சங்கம் பறவைகளுக்கு வளையமிடும் பெரும் பணியில் இறங்கியது. தமிழகத்தின் கோடியக்கரை அதற்கு முக்கியக் களமானது. வலையில் சிக்கும் உள்ளானின் காலில் எண் பொறித்த மெல்லிய வளையத்தை மாட்டி, எடைபோட்டுப் பறக்கவிடுவார்கள். அந்தப் பறவை வேறெங்காவது அகப்பட்டால், அந்த எண்ணை வைத்தே அதன் வலசைப் பாதை தெரியவரும். கோடியக்கரையில் இந்தப் பணி பல பத்தாண்டுகள் தொடர்ந்தது.