டிவியில் தோற்ற ஜப்பான், காரில் மட்டும் ஜெயித்தது எப்படி?

அப்பா காலத்தில் டிவி என்றால் சோனி, டேப் ரெக்கார்டர் என்றால் நேஷனல் பானசோனிக். இன்று ஷோரூமுக்குப் போனால் சாம்சங், எல்ஜி, ஷாவ்மிதான் கண்ணில் படுகின்றன. ஆனால் 'டொயோட்டாவா, கண்ணை மூடிட்டு வாங்கலாம்' என்ற பேச்சு மட்டும் மாறவில்லை. ஒரே நாட்டின் தயாரிப்புகளுக்குள் ஏன் இந்த வித்தியாசம்?

சரிவு எவ்வளவு பெரியது?

ஷார்ப் நிறுவனம் 2016-ல் தைவானின் ஃபாக்ஸ்கான் கைக்குப் போனது. தோஷிபாவின் டிவி பிரிவை 2018-ல் சீனாவின் ஹைசென்ஸ் வாங்கியது. மறுபக்கம், டொயோட்டா குழுமம் 2023-ல் மட்டும் 1.1 கோடிக்கும் அதிகமான வாகனங்களை விற்று, உலகின் நம்பர் 1 இடத்தைத் தக்கவைத்தது.

டிவி ஈஸி, கார் கஷ்டம்

பழைய பிக்சர் டியூப் டிவியில் படம் துல்லியமாகத் தெரிய, அனுபவசாலிகளின் கைப்பக்குவம் தேவைப்பட்டது. அதில் ஜப்பான் கில்லாடி. ஃபிளாட் டிவி வந்ததும் கதை மாறியது. பேனலை ஓரிடத்தில், சிப்பை வேறிடத்தில் வாங்கி யார் வேண்டுமானாலும் டிவி தயாரிக்கலாம் என்றானது. அப்புறம் விலையில்தான் போட்டி.

கார் அப்படியில்லை. அதில் சுமார் 30,000 உதிரிபாகங்கள். இன்ஜினை மாற்றினால் கியர்பாக்ஸ், சத்தம், அதிர்வு எல்லாமே மாறும். எல்லாவற்றையும் ஒன்றோடொன்று பொருத்தி இழைக்க வேண்டும். டென்சோ, ஐசின் போன்ற சப்ளையர்களுடன் டொயோட்டா பல பத்தாண்டுகளாகச் சேர்ந்து செய்வது இதைத்தான். காசு கொடுத்து ஒரே நாளில் வாங்கக்கூடிய சமாச்சாரம் இல்லை இது.

முந்திப் போயும் தோற்ற போன்

செல்போனில் ஜப்பான் உலகத்தையே முந்தியது. 1999-லேயே டோகோமோவின் 'ஐ-மோட்' சேவையில் போனிலேயே மெயில், செய்தி எல்லாம் வந்துவிட்டன. 2006-ல் ரயிலில் போய்க்கொண்டே போனில் டிவி பார்த்தார்கள். ஆனால் எல்லாமே ஜப்பான் நெட்வொர்க்குக்கும் ஜப்பான்காரர்களின் பழக்கத்துக்கும் மட்டுமே பொருந்தின, வெளிநாட்டில் எடுபடவில்லை. 2008-ல் ஐபோன் அங்கே நுழைந்தது. தனித்தீவில் வளர்ந்த உயிரினம் மாதிரி என்று, கலாபகஸ் தீவின் பெயரைச் சேர்த்து பழைய போன்களை 'கரகே' என்று ஜப்பானியர்களே கிண்டலடித்தார்கள்.

அடுத்து காருக்கும் அதே கதியா?

இப்போதைய கவலை இதுதான். எலெக்ட்ரிக் காரில் இன்ஜின் இல்லை, சைலன்ஸர் இல்லை. பேட்டரி, மோட்டார், சாஃப்ட்வேர்தான் முக்கியம். அதாவது, காரும் மெல்ல மெல்ல ஃபிளாட் டிவி மாதிரி ஆகிக்கொண்டிருக்கிறது. செல்போன் பேட்டரி தயாரித்து வளர்ந்த சீனாவின் பிஒய்டி, இன்று ஜப்பானிலேயே கார் விற்கிறது. 2023-ல் கார் ஏற்றுமதியில் ஜப்பானை முந்தி முதலிடம் பிடித்தது சீனா.

2010-லேயே 'லீஃப்' எலெக்ட்ரிக் காரைக் கொண்டுவந்த நிசானுக்கே இப்போது நெருக்கடி. ஹோண்டாவுடனான இணைப்புப் பேச்சு 2025 பிப்ரவரியில் முறிந்தது. அதே ஆண்டு மே மாதம் 20,000 பேரைக் குறைப்பதாக நிசான் அறிவித்தது. சென்னையை அடுத்த ஒரகடம் ஆலையில் தனக்கிருந்த 51 சதவீதப் பங்கையும் ரெனோவுக்கே விற்க முடிவு செய்தது.

டொயோட்டாவுக்கு இன்னும் கைகொடுப்பது ஹைபிரிட். 1997-ல் 'ப்ரியஸ்' மூலம் தொடங்கியது அது. பெட்ரோல் இன்ஜினையும் மோட்டாரையும் இணைத்து ஓட்டுவது பழைய கைப்பக்குவம் கேட்கும் வேலை. உலகம் இன்னும் எத்தனை வருஷம் ஹைபிரிட் வாங்கும் என்பதைப் பொறுத்தே, டிவிக்கு நடந்தது காருக்கும் நடக்குமா என்பது தெரியும்.