குளியலறை டைல்ஸ்: பதிக்கும் முன் கேட்க வேண்டியவை, பிழைத்தால் செய்ய வேண்டியவை

கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலைச் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் ஜம்பட்டா வீதிப் பக்கத்திலும் பல இடங்களில் இரண்டு வீட்டுக்கு ஒரு சுவர்தான். ஒரு வீட்டுக் குளியலறை கசிந்தால் பக்கத்து வீட்டுச் சுவரில் ஈரம் ஊறும். மாடி வீடென்றால் கீழே சொட்டும். ஜூன் 13 திருவிழாவுக்குள் முடிக்க வேண்டுமென்று மே மாதத்தில் வேலை தொடங்கினால் தென்மேற்குப் பருவமழையும் சேர்ந்துகொள்ளும். சீமெந்துப் பூச்சு காயச் சுணங்கும். அந்த அவசரத்தில் முதலில் விடுபடுவது நீர்த்தடுப்புப் பூச்சு.

டைல்ஸ் பதித்தால் தண்ணீர் இறங்காது என்று பலர் நம்புகிறார்கள். இரண்டு டைல்ஸுக்கு இடைப்பட்ட இணைப்பு வழியாகத் தண்ணீர் இறங்கும். அதைத் தடுப்பது அடியில் இருக்கும் பூச்சுதான். டைல்ஸ் பதித்த பிறகு அந்தப் பூச்சு இருக்கிறதா இல்லையா என்று யாராலும் பார்க்க முடியாது; பிழை வெளியே தெரிய மாதக் கணக்காகலாம். ஆனால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு முறையிட, பொருளை வாங்கிய அல்லது சேவையைப் பெற்ற நாளிலிருந்து மூன்று மாதம்தான் இருக்கிறது. ஆகவே டைல்ஸ் பதிப்பதற்கு முன்னால் எடுக்கும் கவனமே பெரிய பாதுகாப்பு.

கடையில்

ஆமர் வீதியிலோ வேறெங்கோ வாங்கும்போது நிறத்தை மட்டும் பார்க்காதீர்கள். சுவருக்கான செரமிக் டைல்ஸ் தன் எடையில் நூற்றுக்குப் பத்து வீதத்துக்கு மேல் நீர் உறிஞ்சக்கூடியது. போர்சலின் டைல்ஸ் அரை வீதத்துக்கு மேல் உறிஞ்சாது. விலை குறைவென்று சுவர் டைல்ஸைத் தரையில் போட்டால் வெடிக்கும். தரைக்கு வழுக்காத வகை வேண்டும்: பெட்டியில் ஆர் 10 அல்லது ஆர் 11 என்ற குறியீடு இருக்கிறதா என்று கேளுங்கள். வயதானவர்கள் உள்ள வீட்டில் பளபளப்பான தரை ஆபத்து.

எல்லாப் பெட்டிகளிலும் பேட்ச் இலக்கமும் ஷேட் குறியீடும் ஒன்றாக இருக்க வேண்டும். வெட்டிலும் உடைவிலும் போவதற்கு நூற்றுக்குப் பத்து வீதம் கூடுதலாக வாங்குங்கள். 2020இல் டைல்ஸ் இறக்குமதிக்குக் கட்டுப்பாடு வந்தபோது, பழைய டிசைனைத் தேடி அலைந்தவர்களுக்கு மிஞ்சிய சில டைல்ஸின் அருமை தெரியும். பற்றுச்சீட்டு கேட்டால் வியாபாரி தந்தாக வேண்டும் என்பது சட்டம். அதில் டைல்ஸின் பெயரும் பேட்ச் இலக்கமும் எழுதப்படட்டும்.

வேலையில்

நீர்த்தடுப்புப் பூச்சைத் தரை முழுவதும் இரண்டு தடவை பூச வேண்டும். தரையும் சுவரும் சேரும் மூலைகள், குழாய் வெளிவரும் இடங்கள், தண்ணீர் போகும் துவாரத்தின் விளிம்பு ஆகிய இடங்களில்தான் பெரும்பாலும் கசிவு தொடங்கும். ஷவர் சுவரில் ஆறடி உயரம் வரை பூசுவது நல்லது.

பூச்சு காய்ந்ததும் துவாரத்தை அடைத்து, ஓரிரு அங்குல உயரத்துக்குத் தண்ணீர் கட்டி, மட்டத்தைச் சுவரில் பென்சிலால் குறித்து, 24 மணி நேரம் விடுங்கள். மட்டம் இறங்குகிறதா, கீழ்வீட்டு சீலிங்கிலோ பக்கத்துச் சுவரிலோ ஈரம் தெரிகிறதா என்று பாருங்கள். இந்தச் சோதனை முடியாமல் ஒரு டைல்ஸ்கூடப் பதிக்க விடாதீர்கள்.

தரை வாட்டம் ஐந்து அடிக்கு முக்கால் அங்குலமாவது இருக்க வேண்டும். நான்கு மூலையிலும் நடுவிலும் கலவை உருண்டை வைத்து ஒட்டினால் டைல்ஸுக்கு அடியில் வெற்றிடம் விழும். நாணயத்தால் தட்டினால் வெறும் சத்தம் கேட்கும். போர்சலின் நீரை உறிஞ்சாததால் வெறும் சீமெந்துக் கலவை அதில் சரியாகப் பிடிக்காது. அதற்கு டைல் கம் தேவை. ஹீட்டருக்கான வயரிங்கை முன்னரே முடித்து, ட்ரிப் சுவிட்ச் வேலை செய்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

கடதாசியில்

“பாஸ் தெரிந்த ஆள்தானே, எப்படி எழுதிக் கேட்பது?” என்ற கூச்சம் பிறகு நட்டமாகும். 1871ஆம் ஆண்டின் காலாவதிக் கட்டளைச் சட்டப்படி, வாய்ப்பேச்சு ஒப்பந்தத்தை வைத்து வழக்குத் தொடர மூன்று ஆண்டுகள்தான். எழுத்தில் இருந்தால் ஆறு ஆண்டுகள். மொத்தக் கூலி, சாமான் யார் வாங்குவது, எந்த நீர்த்தடுப்புப் பூச்சு, தண்ணீர் கட்டிப் பார்க்கும் சோதனை, கசிந்தால் யார் செலவில் திருத்துவது ஆகியவற்றை ஒரு பக்கத்தில் எழுதி இருவரும் கையொப்பமிட்டால் போதும். பணத்தைக் கட்டம் கட்டமாகக் கொடுங்கள். இறுதிப் பங்கை எல்லாம் தட்டிப் பார்த்த பிறகே கொடுங்கள். ஒவ்வொரு கட்டத்தையும் படம் எடுத்து வையுங்கள்.

பிழைத்தால்

முதலில் பாஸுக்கோ கடைக்கோ எழுத்தில் அறிவியுங்கள். திகதியோடு கூடிய வட்ஸ்அப் செய்தியும் உதவும். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைச் சட்டப்படி, தொழிலாகச் சேவை வழங்குபவர் உரிய கவனத்தோடும் திறமையோடும் செய்ய வேண்டும், அவர் தரும் சாமான் அந்த வேலைக்குப் பொருத்தமாக இருக்க வேண்டும். இதை யாரும் வாய்விட்டுச் சொல்லாவிட்டாலும் அந்த உத்தரவாதம் உண்டு. சபையின் இலக்கம் 1977. ஆனால் தொலைபேசியில் சொன்னதோடு நிறுத்தாமல், பற்றுச்சீட்டுப் பிரதியோடும் படங்களோடும் எழுத்தில் முறையிடுங்கள். விசாரித்த பின் நட்டஈடு, மாற்றுப் பொருள், பணம் மீளளிப்பு ஆகியவற்றில் ஒன்றைச் சபை கட்டளையிடலாம்.

கூலித் தகராறுக்கும் அயலவரோடு வரும் பிணக்குக்கும் 1988ஆம் ஆண்டின் சட்டத்தால் அமைந்த மத்தியஸ்த சபை இருக்கிறது. அங்கே சட்டத்தரணி தேவையில்லை. தொடர்மாடியில் இருப்பவர்கள் வேலை தொடங்குமுன் முகாமைத்துவக் கூட்டுத்தாபனத்துக்கு அறிவிக்க வேண்டும். மேல்வீட்டுக் கசிவு தீராவிட்டால் கூட்டாதன முகாமைத்துவ அதிகார சபையை நாடலாம்.

“அடுத்த கிழமை வாறேன்” என்று பாஸ் சொல்வதால் மூன்று மாதக் கணக்கு நின்றுவிடாது. வேலை முடிந்த திகதியைக் குறித்து வைத்து, இரண்டாம் மாத முடிவில் ஒவ்வொரு டைல்ஸையும் தட்டிப் பாருங்கள். பக்கத்து வீட்டாரிடமும் ஈரம் தெரிகிறதா என்று கேளுங்கள். பிழை கண்டால், திருத்தித் தருவதாகச் சொன்னாலும், முறைப்பாட்டை அன்றே எழுதி அனுப்புங்கள்.